சேக்கிழார் எழுதாத வேதியர்

நந்தனார் கதையைச் சொல்லுங்கள் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் வந்து நிற்பவர் ஒரு பண்ணையார். குடுமியும் பூணூலுமாக, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, "சிதம்பரம் உனக்கெதற்கடா?" என்ற தோரணையில் பார்க்கும் வேதியர். அவர் முன்னால் கைகட்டி நிற்கும் பண்ணையாள் நந்தன். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் பயிரிட்டு முடித்தால் போகலாம் என்ற நிபந்தனை. சிவபெருமானின் பூதகணங்கள் வந்து வேலையை முடிக்கின்றன. விடிந்ததும் கதிர் முற்றிய வயலைப் பார்த்து வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இதில் ஒரு காட்சிகூடச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லை. வேதியரும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை, ஏன், நந்தன் யாருக்கும் பண்ணையாளாகவே இல்லை. அத்தனையும் கோபாலகிருஷ்ண பாரதியார் என்ற பாடகர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேர்த்தவை. சேர்த்த பகுதி மூலத்தை விழுங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சேக்கிழாரை நேராகப் படித்தவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் பாரதியார் சொன்னதே பெரியபுராணக் கதை.

ஒருவர் உருவாக்கிய உலகத்துக்குள் இன்னொருவர் புகுந்து ஆளை மாற்றி, வழியை மாற்றி, விதியை மாற்றி அமைப்பதை இன்றைய வீடியோ கேம் ஆட்டக்காரர்கள் 'மாட்' என்கிறார்கள். அப்படி மாற்றுகிறவர், முதலில் படைத்தவரின் நோக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா என்ற சண்டை அவர்களிடையே ஓய்ந்தபாடில்லை. சிதம்பரத்துக்கு அது பழைய சண்டை. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, தில்லைக்கு வர ஆசைப்பட்ட ஒரு மனிதனின் கதையை வைத்து அந்த ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் இதைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கின்றன.

சேக்கிழார் எழுதியது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்து பெரியபுராணம் எனப்படும் திருத்தொண்டர் புராணத்தை அவர் பாடினார் என்பது மரபு. அதில் திருநாளைப்போவார் என்ற நந்தனாருக்கு 37 பாடல்கள். கொள்ளிடக் கரையின் ஆதனூர். அதன் ஓரத்தில் புலைப்பாடி. கூரைகளில் படரும் சுரைக்கொடி, முற்றத்தில் மேயும் கோழிக்குஞ்சுகள், தோல் உலரும் வார்கள் என்று அந்தச் சேரியை அவர் வரைந்திருக்கும் விதம், ஒரு சோழ நாட்டு அமைச்சர் அங்கே போய் நின்று பார்த்திருப்பாரோ என்று சந்தேகிக்க வைக்கும். அங்கே வாழ்ந்த நந்தனார் தம் பறைத் துடவையை உண்டு வாழ்ந்தார் என்கிறார். துடவை என்றால் தோட்ட நிலம். ஊருக்குப் பறை கொட்டும் பணிக்காக விடப்பட்ட மானியம். ஆக அவருக்கு நிலம் இருந்தது, தொழில் இருந்தது, மேலே நின்று ஏவும் எசமானர் என்று யாரும் கதைக்குள் வரவில்லை. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்ற அவர் சிவலிங்கத்தைப் பார்க்க நந்தி விலகியது. அங்கே ஒரு குளமும் வெட்டினார்.

சிதம்பரத்துக்குப் போகத்தான் அவரால் முடியவில்லை. யார் தடுத்தார்கள்? யாரும் தடுக்கவில்லை. தம் பிறப்பை நினைத்து அவரே தயங்கினார். போவேன் என்று இரவெல்லாம் துடித்து, விடிந்ததும் அடங்கி, நாளைக்குப் போகலாம் என்று ஒத்திவைத்தார். திருநாளைப்போவார் என்ற பெயர் அந்த ஒத்திவைப்பின் பெயர். கடைசியில் போனபோதும் ஊருக்குள் நுழையாமல் தில்லையின் எல்லையை வலம் வந்துகொண்டிருந்தார். கனவில் வந்த இறைவன் தீயில் மூழ்கி வரச் சொன்னார். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் அதே ஆணை. தெற்கு மதில் வாசலுக்கு வெளியே அவர்கள் தீ மூட்ட, நந்தனார் இறங்கினார். சடையும் பூணூலும் கொண்ட முனிவர் வடிவில் எழுந்து, பொன்னம்பலத்துக்குள் போய் மறைந்தார்.

சேக்கிழார்தான் மூலமா என்றால் அதுவும் இல்லை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இவருக்குக் கிடைத்தது ஒரு பெயர்க் குறிப்பு மட்டும். அதற்குப் பின் வந்த நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அதை ஒரு பாட்டாக்கினார். ஒரு பாட்டை 37 பாட்டாக வளர்த்தவர் சேக்கிழார். சுரைக்கொடியும் தோலும் இரவுத் துடிப்பும் அப்போது வந்து சேர்ந்தவை. 'மூலப் படைப்பாளியின் நோக்கம்' என்று யாராவது குரலை உயர்த்தினால், எந்த மூலம், எந்த அடுக்கு என்று திருப்பிக் கேட்கலாம். வால்மீகியின் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கினான். கம்பன் அவனை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தான். தமிழில் யாரும் கம்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டானிலும் ஆனதாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. திருவிடைமருதூரில் இருந்த ராமதாஸ் என்ற வித்வானிடம் இந்துஸ்தானி சங்கீதம் பயின்றார். திருநீலகண்டர், இயற்பகை நாயனார் என்று பெரியபுராணக் கதைகள் சிலவற்றைக் கதாகாலட்சேபத்துக்காகப் பாட்டாக்கினார். கதையைப் பாட்டாக்கிப் பாடுவது காவிரிக் கழிமுகத்தில் புதிதல்ல. சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியில் அருணாசலக் கவிராயர் ஒரு நூற்றாண்டு முன்பே கம்பனைக் கீர்த்தனைகளாக்கி இராம நாடகம் செய்திருந்தார். ஆனால் கவிராயர் கம்பனுக்கு நடை மாற்றினார். பாரதியார் சேக்கிழாருக்குக் கதையையே மாற்றினார்.

மேடைக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனிதன் தனக்குள்ளேயே தயங்குவதை வைத்து மூன்று மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போட முடியாது. தயக்கத்துக்கு ஒரு முகம் வேண்டும், எதிர்த்துப் பேச ஒரு வாய் வேண்டும். உள்ளே இருந்த தடையை எடுத்து வெளியே திண்ணையில் உட்கார வைத்தார். கேம் பாஷையில் சொன்னால் ஒரு 'பாஸ்' வில்லனைச் சேர்த்தார். சேரிக்குள்ளேயே நந்தனை எச்சரிக்கும் பெரிய கிழவனையும் கொண்டுவந்தார். நம் சாமிகளை விட்டுவிட்டுப் பார்ப்பாரச் சாமியைத் தேடிப் போகிறாயே என்று அந்தக் கிழவன் கேட்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 'நாளைப் போவேன்' என்பதன் பொருள் இங்கே அடியோடு திரும்பிவிட்டது. சேக்கிழாரிடம் அது தானாகத் தள்ளிப்போட்டது. பாரதியாரிடம் எசமானர் விடுப்பு தராததால் தள்ளிப்போனது.

அந்த எசமானரை அவர் கற்பனையில் பிடிக்கவில்லை. காவிரி, கொள்ளிடப் பாசனப் பகுதியில் பண்ணையாள் முறை அவர் கண்ணெதிரே இருந்தது. அடிமை உரிமையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்று கிழக்கிந்தியக் கம்பெனி சட்டம் போட்டது 1843-ல். அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-ல். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சானதும் 1861-62 வாக்கில், காரைக்காலில், ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவோடு. சட்டப் புத்தகத்தில் அடிமைத்தனம் செத்துக்கொண்டிருந்த வருஷங்களில், வயலில் அது எப்படி இருந்தது என்பதைச் சிவபக்திக் கதைக்குள் வைத்துப் பாடியவர் ஒரு பிராமணர். வில்லனாக்கியதும் ஒரு பிராமணரை. ஒரு வேலி ஏறக்குறைய ஆறேமுக்கால் ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் நாற்பது வேலி 260 ஏக்கருக்கு மேல். அதை ஒற்றை ஆளிடம் ஒரே இரவில் கேட்கும் அந்த வேதியரின் குரலைக் கேட்டு, பண்ணை வைத்திருந்த ரசிகர்கள் முன்வரிசையில் நெளிந்திருப்பார்கள்.

நெளியாமல் இருக்கவும் வழி இருந்தது. பூதகணங்கள் நந்தனை விடுவிக்கவில்லை. அவனுடைய வேலையைச் செய்து முடித்தன. அற்புதத்திலும் மிராசுதாரருக்கு மகசூல் குறையவில்லை.

புத்தகத்துக்குச் சிறப்புப்பாயிரம் வாங்குவதற்குள் பாரதியார் பட்ட பாட்டை உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். மாயூரத்தில் சிறிது காலம் பாரதியாரிடம் சங்கீதம் கற்றவர் உ.வே.சா.; அதைவிட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். பிள்ளையோ இலக்கணக் கடல். பாரதியாரின் பாட்டில் பேச்சுமொழி புரண்டது, இலக்கண வழுக்கள் இருந்தன. பாயிரம் தர அவருக்கு மனம் வரவில்லை. பாரதியார் வந்து வந்து திரும்பினார். ஒரு நாள் பிள்ளை பகல் தூக்கத்தில் இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டுகளை மெல்லப் பாட ஆரம்பித்தார். விழித்த பிள்ளை படுத்தபடியே கேட்டார், உருகினார், பாயிரம் எழுதிக் கொடுத்தார். ஏட்டில் தோற்ற பாட்டு காதில் ஜெயித்தது.

அதே காலத்தில் சேக்கிழாருக்கு வேறொரு வகைச் சேவையும் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை 1852-ல் உரைநடையாக்கி அச்சிட்டார். பாட்டைப் படிக்க இயலாதவர்களும் மூலத்தில் இருப்பதை இருக்கிறபடியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒன்றைச் சேர்க்கவோ குறைக்கவோ அவருக்குச் சம்மதமில்லை. 1864-ல் சிதம்பரத்திலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையையும் தொடங்கினார். மூலத்தைக் காப்பதில் அவருடைய கறார் எப்படிப்பட்டது என்பதைக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் கண்டது. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அவருடைய அன்பர்கள் 1867-ல் திருவருட்பா என்ற பெயரில் வெளியிட்டார்கள். தேவார திருவாசகங்களுக்கு உரிய அந்தஸ்தை நேற்று எழுதிய பாட்டுக்குக் கொடுப்பதா, கோயிலில் அவற்றின் இடத்தில் இதைப் பாடுவதா என்று நாவலர் பொங்கினார். கண்டன நூல்கள் பறந்தன. சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த வழக்கு 1869-ல் மஞ்சக்குப்பத்தில் நடந்தது. அங்கே நடந்ததை இரு தரப்பாரும் இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இராமலிங்கர் சேக்கிழாரின் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, புதிதாகத்தான் பாடினார். ஆனாலும் நீதிமன்றம் வரை போயிற்று. பாரதியார் சேக்கிழாரின் கதையைத் தலைகீழாக்கினார். அவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. இராமலிங்கரின் அன்பர்கள் திருமுறையின் வரிசையில் இடம் கேட்டார்கள். பாரதியார் 'சரித்திரக் கீர்த்தனை' என்று போட்டுக்கொண்டு காலட்சேப மேடையோடு நின்றார். மாற்றுவதைச் சகித்துக்கொள்ளும் கூட்டம், மாற்றியதை மூலத்தின் ஆசனத்தில் உட்கார வைக்கும்போது சீறுகிறது.

வீடியோ கேம் உலகத்தில் இந்த இட ஒதுக்கீடு ஆரம்பத்திலேயே ஓரளவு தீர்ந்துவிட்டது. 1993-ல் வந்த டூம் ஆட்டத்தில், ஜான் கார்மேக் ஆட்டத்தின் வரைபடங்களையும் ஒலிகளையும் இயந்திர நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தார். யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்புக்குப் பதில் தம்முடைய கோப்பைச் செருகி விளையாடலாம், அசல் அழியாது. 1998-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஹாஃப்-லைஃப், கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளர் ஓர் ஆய்வுக்கூடத்தில் சிக்கித் தனியாகப் போராடும் கதை. மறு வருஷமே மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் அந்தக் கதையை முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இயந்திரத்தின் மேல் இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கைச் செய்தார்கள். அசல் நோக்கத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது. வால்வ் கோபித்துக்கொள்ளவில்லை, அதை வாங்கி, 2000-ல் தானே வெளியிட்டது.

ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட ஆரம்ப நாட்களில் ஹாஃப்-லைஃப் கையில் இருக்க வேண்டும். நந்தனார் காலட்சேபத்துக்கு வந்து உட்கார்ந்தவர் கையில் பெரியபுராணம் இல்லை. எழுத்தறிந்தவர்கள் சிலரே இருந்த நாட்டில், காதில் முதலில் விழுந்ததே அசல். பாரதியாரின் மாற்றத்தில் குறை காண வேண்டுமானால் அவர் மாற்றியதில் அல்ல, இங்கேதான் காண வேண்டும். தனக்கென்று துடவை வைத்திருந்த, தோலும் நரம்பும் கொடுத்ததால் கோயில் இசைக்கே காரணமாக இருந்த சேக்கிழாரின் நந்தனார் மக்கள் நினைவிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோனார். கெஞ்சும் நந்தன் மட்டும் தங்கினான்.

தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்களின் காலட்சேபங்கள் அந்த நந்தனை ஊர் ஊராகக் கொண்டுபோயின. பிறகு நாடகம், பிறகு சினிமா. 1935-ல் எம்.எல்.டாண்டன் இயக்கிய 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்தில் கதையைவிட அதிகம் பேசப்பட்டது அந்தத் தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். நந்தன் ஒரு பெண், வேதியர் ஒரு கர்நாடக சங்கீத மேதை என்றால் பாரதியாரின் கதைக்கு மேல் இன்னோர் அடுக்கு ஏறிவிட்டது. 1942-ல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது, எஸ்.எஸ்.வாசன் தயாரிப்பு, முருகதாசா இயக்கம், நந்தனாக எம்.எம்.தண்டபாணி தேசிகர், வேதியராக செருகளத்தூர் சாமா. பாரதியாரின் பாட்டுகளோடு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதியவை கலந்தன. எது யார் பாட்டு என்று இன்று கேட்டால் கச்சேரி ரசிகர்களே தடுமாறுவார்கள். தேவாரம் பாடும் மரபிலிருந்து வந்த தேசிகர் பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் பணியாற்றினார். திரையில் தில்லைக்குள் நுழைய முடியாமல் ஏங்கியவர், தில்லையில் இசை சொல்லிக்கொடுத்தார்.

இத்தனை பேர் இத்தனை மாற்றியும் ஒரு பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. தீ. பாரதியாரும் அதைத் தொடவில்லை. நடுக்கதையைத் துணிச்சலாகத் திருத்தியவர், முடிவில் சேக்கிழாருக்கு முழு விசுவாசியாகிவிட்டார். மனம் மாறிய வேதியர் காலில் விழுந்த பிறகும், நந்தன் தில்லைக்குள் போக நெருப்பில்தான் இறங்க வேண்டியிருந்தது. பண்ணையில் உடைந்த சாதி கோயில் வாசலில் அப்படியே நின்றது. பின்னால் வந்தவர்களுக்கு நெஞ்சில் இறங்காமல் உறுத்தியது இந்த விசுவாசம்தான். பாரதியார் மூலத்தை மீறிய இடம் மக்களிடம் வாழ்ந்தது. மூலத்தை மதித்த இடத்தை அடுத்த தலைமுறைகள் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அயோத்திதாசப் பண்டிதர் கதையையே ஏற்கவில்லை. நந்தன் பண்ணையாள் அல்ல, பௌத்த அரசன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன், அவனைச் சிவனடியார் ஆக்கியதே திரிப்பு என்று எழுதினார். அவருக்கு சேக்கிழாரும் ஒரு மாற்றல்தான், அதுவும் நேர்மையற்ற மாற்றல். வரலாற்றுச் சான்று என்று பார்த்தால் அவருடைய வாதம் நிற்பது கடினம். ஆனால் மூலத்தின் நோக்கத்தை மதிக்க வேண்டும் என்று சொல்பவர்கள், அந்த நோக்கமே சிலரைக் கீழே வைப்பதாக இருந்தால் அவர்கள் ஏன் மதிக்க வேண்டும் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். ஆரணிப் பக்கத்திலிருந்து சிதம்பரம் வந்து சேர்ந்த இவர், 1916-ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகத்தையும் பள்ளியையும் தொடங்கினார். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று ஊரார் சொல்லும் ஓமக்குளத்தில் நந்தனார் மடம் அமைந்தது. கதையின் ஒரு வரியையும் அவர் திருத்தவில்லை. நெருப்புக் குழி என்று நம்பப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் இருந்து, 1959-ல் மறையும்வரை அந்தப் பள்ளியை வளர்த்தார். 1927 செப்டம்பரில் சிதம்பரம் வந்த காந்தி நந்தனைச் சத்தியாகிரகியாகக் கண்டார்; தன்னை வருத்திக்கொண்டு எதிரியை வென்றவன் என்பது அவர் வாசிப்பு. அது முழுக்க முழுக்க பாரதியாரின் நந்தன். சேக்கிழாரின் கதையில் வெல்வதற்கு எதிரியே இல்லை.

காந்தியின் வாசிப்புக்குப் புதுமைப்பித்தன் பதில் எழுதியது 1934-ல். 'புதிய நந்தன்' சிறுகதையின் களமும் ஆதனூர். சேரியில் ஒரு கிழவன், காந்தியவாதியாகிவிட்ட பண்ணையார் மகன், சுயமரியாதைக்காரனாகத் திரும்பி வரும் கிழவனின் மகன். காந்தி வரும் ரயிலில் அடிபட்டு மூவரும் போகிறார்கள். தீயின் இடத்தில் ரயில். உயிர்த்தெழுதலும் இல்லை, முனிவர் வேடமும் இல்லை. இந்திரா பார்த்தசாரதி 1970களில் எழுதிய 'நந்தன் கதை' நாடகம் இன்னும் நேராகப் போயிற்று. அதில் தீ என்பது மேல்சாதியாரும் நிலக்காரர்களும் கூடிச் செய்த சதி. நம்பி இறங்கிய நந்தன் எரிந்து போகிறான், அவ்வளவுதான். சேக்கிழாரின் இறுதிக் காட்சியில் நடக்கும் அற்புதத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்பதை நாடகம் மேடையில் காட்டியது. மூலத்துக்கு அவமரியாதையா என்று கேட்டால் ஆம். ஆனால் சேக்கிழாரைக் கூர்ந்து படிக்காமல் இப்படி ஓர் அவமரியாதையைச் செய்திருக்க முடியாது. மேம்போக்காகப் படித்து மரியாதையோடு மறுபதிப்பு செய்யும் பக்திப் படங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மூலத்தோடு அதிகம் பேசுகிறது என்பது தெரியும்.

தீயும் மாற்றமும் சேர்ந்த இன்னொரு கதைக்குச் சொந்தக்காரர் ஒரு கடலூர்க்காரர். மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன், 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டுவந்து அழுகிறாள். தாய் முதலில் அடித்தாலும், பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். தமிழ்நாடு கொதித்தது. வாசகர்கள் திட்டினார்கள், எழுதத் தெரிந்தவர்கள் முடிவை மாற்றித் தங்கள் பங்குக்குக் கதைகள் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று யார் நினைவிலும் இல்லை. ஜெயகாந்தனுக்குக் கோபம் வராத விஷயமே குறைவு. இதில் மட்டும் சும்மா இருப்பாரா? ஆனால் அவர் செய்தது யாரும் எதிர்பாராதது. முடிவை மாற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல், ஊரைக் கூட்டிக் கூச்சல் போட்டிருந்தால்? அந்த ஒரு மாற்றத்திலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. அண்ணனால் வீட்டை விட்டு விரட்டப்பட்ட கங்கா, மாமாவின் ஆதரவில் படித்து, உத்தியோகத்துக்குப் போய், ஒரு நாள் பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ஒரு சிறுகதையைப் படிக்கிறாள். அது 'அக்கினிப் பிரவேசம்'. தன் கதையை எழுதிய ஆள் யார், அந்தக் காரில் வந்தவன் யார் என்று தேடிப் போகிறாள். அசல் கதையை அழிக்காமல், மாற்றிய கதைக்குள் ஒரு பொருளாகவே வைத்துவிட்டார். மூலத்தை உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டே அதற்கு எதிர்த்திசையில் போகிற இந்த ஏற்பாட்டை இன்றைய மாட் கலைஞர்கள் படித்தால் பொறாமைப்படுவார்கள். 1972-ல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977-ல் ஏ.பீம்சிங் படமாக்கினார், கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

நாவல் பெயர் பெற்ற பிறகும் ஜெயகாந்தன் சிறுகதையின் முடிவைத் திருத்தவில்லை. அவருடைய தொகுதிகளில் அந்தத் தாய் இன்னும் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நாவலில் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.